சொறிக்கு ஒரு கிரேக்கப் பெயர்

ஓட்டுநர் டீக்கடை வாசலில் நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று கயத்தானுக்குத் தெரியவில்லை. காரணம் தெரியாத சிரிப்பை அவர் என்றைக்குமே நம்பியதில்லை. இலந்தைத்துறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஏறியாயிற்று, வெயில் கூரைத் தகரத்தைத் தாண்டி உச்சந்தலையில் இறங்குகிறது, பின்னால் யாரோ கொய்யாப்பழத்தைக் கடிக்கிற சத்தம், ஆனாலும் வண்டி கிளம்பவில்லை; சாயங்காலக் கூட்டத்துக்கு அவர் போய்ச் சேரக் கூடாது என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்களோ என்று ஒரு நினைப்பு எழுந்து, சே, ஒரு பஸ் ஓட்டுநரை விலைக்கு வாங்கி என்ன ஆகப்போகிறது என்று அடங்கி, அடங்கின இடத்திலேயே, ஏன் ஆகாது, அந்தக் காலத்தில் வெற்றிலை பாக்குக் கடைக்காரனையே வாங்கினார்களே என்று மறுபடி தலை தூக்கியது. அவர் உட்கார்ந்திருந்தது ஓட்டுநருக்குப் பின்னால் வலது வரிசையில், நடைபாதையை ஒட்டின இருக்கை. எந்த பஸ்ஸில் ஏறினாலும் அந்த இடம்தான். ஓட்டுநரின் தலைக்கு மேலே மாட்டியிருக்கிற நீளக் கண்ணாடியில் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் தெரிவார்கள். யார் ஏறுகிறான், யார் நாம் இறங்குகிற இடத்திலேயே இறங்குகிறான், யார் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான் என்று திரும்பிப் பார்க்காமலே பார்த்துவிடலாம். சாதா உடையில் போலீஸ்காரர்கள் அவர் பின்னாலேயே அலைந்த காலத்தில் பிடித்த பழக்கம். இப்போது யாரும் அலைவதில்லை. அது அவருக்கு நிம்மதியாக இல்லை. அலையாமல் இருக்கிறார்கள் என்றால் வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

மடியில் ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. டவுன் கல்லூரியில் காலையில் கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்று ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். அட்டையில் ஒரு சொறி. குடை விரித்த மாதிரி, உள்ளே வெளிச்சம் போட்ட மாதிரி, கீழே நூல் நூலாகத் தொங்கிக்கொண்டு, கரையில் செத்து ஒதுங்கிக் கிடக்கையில் இல்லாத ஒரு அழகோடு. புத்தகத்தில் எழுதுகிறவர்கள் அதை இழுதுமீன் என்பார்கள். பட்ட இடத்தைச் சொறிய வைக்கும் என்பதால் ஊரில் அதற்குச் சொறி என்றுதான் பெயர். இன்றைக்கு மூன்றாவதாக ஒரு பெயர் கிடைத்திருந்தது. அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள், மெதூசா. பின் அட்டையின் மூலையில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில், அனல் மின் நிலையக் கம்பெனியின் முத்திரை. அதைப் பார்த்ததும் கயத்தானுக்கு உள்ளே ஏதோ இனித்தது. நினைத்தேன். கடலைக் காய்ச்சுகிறவனே கடலைப் பற்றிப் புத்தகமும் போடுகிறான். அனல் மின் நிலையம் கொதிநீரைக் கொட்டுவதால் சொறி பெருகுகிறதா என்று கூட்டத்தில் அவர் எழுந்து கேட்டபோது அங்கே பேசின பேராசிரியை, பல காரணங்களில் அதுவும் ஒன்றாக இருக்கலாம் என்றாள். இருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்குக் கம்பெனி எவ்வளவு செலவழித்திருக்கும். ஆனால் அவள் முகத்தில் கள்ளம் தெரியவில்லை, கேள்வி கேட்டதற்கு நன்றி ஐயா என்று வேறு சொன்னாள். கள்ளம் தெரியாத முகம்தான் அதிகம் படித்த முகம் என்று அவர் தனக்குள் குறித்துக்கொண்டார்.

ஓட்டுநர் வந்து ஏறினார். வண்டி உறுமியது. கூட்டத்துக்குப் போய்விடலாம். கோயிலில் சாயங்கால மணி அடித்ததும், சிலுவை நிற்கிற குருசடிக்கு முன்னால் ஊர் கூடும். சலேத்தம்மாளை என்ன செய்வது என்று இன்றைக்கு முடிவெடுத்தாக வேண்டும். விலக்கி வைத்தது போதும் என்று சேர்த்துக்கொள்வதா, அல்லது ஊர் நிலத்தில் நிற்கிற அவள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி அனுப்பிவிடுவதா. புருஷன் கொச்சிப் பக்கம் ஆழ்கடல் விசைப்படகில் கிடக்கிறான், எப்போதாவது வருகிறவன்; போக்கிடம் என்று அவளுக்கு எதுவும் கிடையாது. போராட்டக் குழுவில் பாதிப் பேர் சேர்த்துக்கொள்ளலாம் என்கிற பக்கம் சாய்கிறார்கள், அவர்களுக்கு இளகின மனசு, இளகின மனசுகளால்தான் ஒவ்வொரு போராட்டமும் நாசமாகிறது. கயத்தான் என்ன சொல்கிறாரோ அதுதான் நடக்கும். என்ன சொல்வது என்பதில் அவருக்குத் தயக்கம் எதுவும் இல்லை. தயக்கம் இல்லையென்றால் ஏன் அதையே நினைத்துக்கொண்டு வருகிறோம் என்று மட்டும் இடையில் ஒரு கேள்வி, செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி.

அவர் படித்ததெல்லாம் துண்டறிக்கைதான். பள்ளிக்கூடம் சரிப்பட்டு வரவில்லை. மை கையில் ஒட்டுகிற தாளில், மடிப்பில் எழுத்து அழிந்துபோய், எங்கெங்கோ நடந்த புரட்சியெல்லாம் நான்கு பக்கத்துக்குள் அடங்கி அவரிடம் வந்து சேர்ந்தது. பிரான்ஸில் ராஜாவின் தலை விழுந்ததும், ரஷ்யாவில் மாளிகைக் கதவு திறந்ததும், வியட்நாமில் நாற்று நடுகிற பெண் துப்பாக்கி எடுத்ததும் அவருக்கு அப்படித் தெரிந்ததுதான். பிறகு அவரே எழுத ஆரம்பித்தார். அவர் எழுதினதைச் சந்தையில் வாசித்து அழுதவர்கள் உண்டு. புத்தகம் எழுதினவன் பட்டம் வாங்குவான், துண்டறிக்கை எழுதினவன் சிறைக்குப் போவான் என்று மேடையில் சொல்வார், சொல்லும்போது முதல் வரிசையைப் பார்த்துக்கொள்வார். ஆனால் இன்று காலை அந்தப் பேராசிரியை கிரேக்கக் கதையைச் சொன்னபோது, இத்தனை வருஷத்தில் இந்த ஒரு விஷயம் ஏன் எந்தத் துண்டறிக்கையிலும் வரவில்லை என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. மெதூசா என்று ஒருத்தி. தலையில் முடிக்குப் பதில் பாம்புகள். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தவன் கல்லாகிவிடுவான். சுவீடன் நாட்டு அறிஞர் ஒருவர், உயிர்களுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு வந்தவர், சொறியின் தொங்குகிற நூல்களைப் பார்த்ததும் அந்தப் பாம்புத் தலையை நினைத்து இந்தப் பெயரை வைத்தாராம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சொறி பிறந்ததும் நீந்துவதில்லை. முதலில் பாறையிலோ துறைமுகச் சுவரிலோ புல்பூண்டு மாதிரி ஒட்டிக்கொண்டு வெகுகாலம் கிடக்கும். பிறகு காலம் வாய்க்கும்போது தட்டுத் தட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு தட்டும் ஒரு குடையாக விரிந்து நீந்திப் போகும். அப்படிக் குடையாக நீந்துகிற பருவத்துக்குத்தான் மெதூசா என்று பெயர். ஒட்டிக் கிடக்கையில் வேறு பெயர். உயிர் ஒன்றுதான். இது கயத்தானுக்கு ரொம்பப் பிடித்தது. சுவரில் ஒட்டிக் கிடக்கிறவர்களை யாரும் கவனிப்பதில்லை என்று ஒரு வரி அப்போதே மனசில் ஓடியது. அதை வைத்து ஒரு அறிக்கை எழுதலாம். ஆனால் எழுதினால் சொறி நம் பக்கம் ஆகிவிடும். சொறி நம் பக்கமா?

போன மாதம் அது நம் பக்கம்தான் இருந்தது. கச்சான் காற்று நின்ற மறுநாள் வலையெல்லாம் சொறி. மீனைத் தேடினால் கை எரிந்தது. பெண்கள் வலையை உதறிவிட்டு அழுதார்கள். ஆனால் அன்று மதியம் ஊர் முழுக்கக் கரைக்கு ஓடிவந்து நின்று வடக்கே பார்த்தது, கம்பெனியின் புகைபோக்கியில் புகை இல்லை. கடல்நீரை உள்ளே இழுக்கிற வாய்க்காலில் சொறி வந்து அடைத்துக்கொண்டு, வலைக்கதவுகள் திணறி, இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். எத்தனை மறியல், எத்தனை உண்ணாவிரதம், எத்தனை வாய்தா. எதுவும் நிறுத்தாத புகையை எலும்பில்லாத, மூளையில்லாத ஒன்று நிறுத்திவிட்டது. கயத்தான் அன்று குருசடிப் படியில் ஏறி நின்று பேசினது இன்னும் அவர் காதிலேயே இருக்கிறது. கடல் வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறது, அதை உடைக்க நம்மில் ஒருத்தரும் போகக் கூடாது என்றார். கம்பெனிக்காரன் வாய்க்காலைச் சுத்தம் பண்ண ஆள் தேடுவான், கடல் தெரிந்த ஆள்தான் அவனுக்கு வேண்டும், யாரும் போகக் கூடாது. ஊர் முழுக்கக் கை தூக்கியது. அன்று ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார். விடியும்போது புகை எழும்பிக்கொண்டிருந்தது. யாரோ போயிருக்கிறார்கள். அதே விடியலில் உப்பளத்து முக்கில் கம்பெனி ஜீப்பிலிருந்து சலேத்தம்மாள் இறங்கினதை இரண்டு பேர் பார்த்தார்கள்.

பேருந்து இரும்புப் பாலத்தைத் தாண்டி மீன் சந்தை நிறுத்தத்தில் நின்றபோது அவள் ஏறினாள். கயத்தான் கண்ணாடியில் பார்த்தார். முதலில் கூடைதான் தெரிந்தது, அப்புறம் சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிக் கைகளும் மறையும்படி இழுத்துப் போர்த்தின உருவம். அந்தப் போர்வைதான். ஊர்க்கூட்டத்தில் நின்றபோதும் அப்படித்தான் போர்த்தியிருந்தாள், கையில் சொறி பட்ட தழும்பு இருக்கும், மறைக்கிறாள் என்று பின்னால் ஒருத்தி சொன்னது அவருக்குக் கேட்டது, அவரும் அப்படித்தான் நினைத்தார். சலேத்து கூடையை இறக்கினதும் நடத்துனர் முன்னாலிருந்து குரல் கொடுத்தார். அவர் கடற்கரை ஆள் இல்லை, ஊர்ச் சமாச்சாரம் எதுவும் தெரியாது. "எக்கா, கூடைய படியோரம் தள்ளும். பஸ்ஸே நாறுது." அதற்கு அவள், "வெறுங்கூடை அண்ணாச்சி. நாறுறது உம்ம பஸ்ஸுதான். கழுவி எத்தன நாளாச்சி?" என்றாள். டவுன் ஆட்கள் சிரித்தார்கள். இலந்தைத்துறைப் பெண்கள் இரண்டு பேர் இடது வரிசையில் இருந்தார்கள். ஒருத்தி சிரிக்கப் போய், கயத்தானைப் பார்த்துவிட்டு, தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சலேத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் இரண்டு பேரும் எழுந்து பின்னால் போனார்கள். அவள் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. நடைபாதைக்கு இந்தப் பக்கம் கயத்தான், அந்தப் பக்கம் அவள். எட்டினால் தொட்டுவிடலாம். அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்விலக்கு என்கிற பழைய வழக்கத்துக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவரே அவர்தானே: முகம் கொடுக்கக் கூடாது, பேச்சு கொடுக்கக் கூடாது, கையிலிருந்து கைக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, மீறினால் அபராதம். தாத்தன் காலத்தில் இது சும்மா வாய்வழக்காக இருந்தது. அவர்தான் அதற்கு ஒரு ஓசை கொண்டுவந்தார். மூன்று கொடுக்கக் கூடாதுகள் வரிசையாக விழும்போது கூட்டம் தலையாட்டியதை அவர் ரசித்தார்.

முகம் கொடுக்கக் கூடாது. காலையில் கல்லூரியில் உட்கார்ந்திருந்தபோது இதுதான் அவருக்குள் எங்கோ மாட்டி இழுத்தது, இப்போதும் இழுக்கிறது. கிரேக்கத்தில் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தால் கல்லாகிவிடுவார்கள். அவள் தலையை வெட்டப் போனவன் ஒரு வீரன். என்ன வீரன், அவன் கையிலிருந்த ஒன்றுகூட அவனுடையது இல்லை, செருப்பு ஒரு தேவனுடையது, அரிவாள் இன்னொருவனுடையது, பளபளவென்று தேய்த்த கேடயம் ஒரு தேவதை கொடுத்தது, எல்லாம் மேலிடத்து இரவல், கூலிக்குப் போன ஆள் என்று பார்த்தவுடனே தெரிகிறது. நேரே பார்க்காமல் கேடயத்தில் விழுந்த பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே போய், தூங்குகிறவளின் தலையை வெட்டினான். வெட்டின பிறகும் அந்தத் தலை சும்மா இருக்கவில்லை, பார்த்தவனையெல்லாம் கல்லாக்கியது. சொறியும் அப்படித்தான் என்றாள் பேராசிரியை. செத்துக் கரையில் காய்ந்து கிடந்தாலும், அறுந்த நூல் ஒன்று தனியாக மிதந்தாலும் கொட்டும், கொட்டுவதற்கு அதற்கு உயிர் வேண்டியதில்லை, கோபமும் வேண்டியதில்லை, தொட்டால் போதும். பிறகு ஒரு படம் காட்டினாள். யாரோ ஒரு முத்துக்குளிப்பவரின் கை. சாட்டையால் விளாசின மாதிரி வரி வரியாகச் சிவந்து தடித்து, மாதக்கணக்கில்கூடப் போகாதாம். பட்டதும் நல்ல தண்ணீரை ஊற்றக் கூடாது, காடி, அதாவது வினிகர், ஊற்ற வேண்டும் என்றாள். காடி என்றதும் கயத்தானின் மூக்கில் ஏதோ புளிப்பாக ஏறி இறங்கியது. எங்கே? எங்கேயோ. அவர் அதைத் தேடப் போகவில்லை, ஏனென்றால் அதற்குள் பேராசிரியை அந்த மெதூசா யார் என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். முதலில் பாம்பெல்லாம் கிடையாது. அழகான முடியுள்ள பெண். கடலுக்கு அதிபதியான தேவன் அவளைக் கோயிலுக்குள் வைத்தே கெடுத்தான். அது அந்தத் தேவதையின் கோயில். தேவதைக்குக் கோபம் வந்தது. கடல் தேவன்மேல் இல்லை. அந்தப் பெண்மேல். பாம்பைத் தலையில் வைத்ததும் அவள்தான், வெட்டப் போனவனுக்குக் கேடயம் கொடுத்தவளும் அவள்தான், வெட்டின தலையை அதே கேடயத்தில் பதித்துக்கொண்டு ஊரை மிரட்டினவளும் அவள்தான்.

பெரிய இடத்துக்காரன் செய்ததற்குச் சின்ன இடத்துக்காரி அனுபவித்தாள். கிரேக்கமோ கீழக்கடலோ, வர்க்கம் எல்லா இடத்திலும் வர்க்கம்தான். கயத்தானுக்குத் துண்டறிக்கை தானாகவே வந்தது: கம்பெனிதான் மெதூசா, பார்த்தவர்களையெல்லாம் கல்லாக்கிவிட்டது, அதிகாரிகளைக் கல்லாக்கிவிட்டது. இல்லை, தப்பு, மெதூசா பாவப்பட்டவள் அல்லவா, கம்பெனியை எப்படி அவளாக்க முடியும், அப்படியென்றால் கம்பெனிதான் கடல் தேவன், மெதூசா யார், நாமா, நம்மைத்தான் கெடுத்துவிட்டு நம்மீதே பழி போடுகிறார்கள், அப்படியென்றால் அந்தத் தேவதை யார், தன் கோயில் தீட்டுப்பட்டது என்று நடுங்கினவள், குற்றவாளியைத் தொட முடியாமல் கைக்கு எட்டினவளைத் தண்டித்தவள், அவள் யார். இந்த இடத்தில் அறிக்கை நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். அதே இடத்தில் நின்றது. ஒருவேளை இதுதான் கம்பெனியின் வேலையோ. இந்தக் கதையைச் சொல்லி நம்மைக் குழப்புவதற்காகவே அந்தப் பெண்ணை அனுப்பியிருப்பார்களோ. இன்றைக்குக் கூட்டம் என்று தெரிந்து, இன்றைக்கென்று பார்த்து.

கண்ணாடியில் சலேத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பளங்கள் பின்னால் போயின. அவளுக்கு ஊரில் யாரும் மீன் விற்பதில்லை, அதனால் விடியலுக்கு முன்னாலேயே கரையோரமாக நடந்து, கம்பெனி வாய்க்காலைத் தாண்டி, அடுத்த ஊர்த் துறையில் ஏலம் எடுத்து டவுனுக்குக் கொண்டுபோகிறாள். இல்லை, விலக்குக்கு முன்னாலும் அப்படித்தானே போய்க்கொண்டிருந்தாள். அங்கே மீன் மலிவு என்று எப்போதும் அந்த வழியாகத்தான் போவாள். இது ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும். கூட்டத்தில் அவளைக் கேட்டார்கள், ஜீப்பில் ஏன் வந்தாய் என்று. அவள் கயத்தானைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். உங்க வீட்டுல கேளுங்கண்ணே. அவ்வளவுதான். கயத்தானுக்கு அது என்னவென்று உடனே புரிந்தது. எதிரி எப்போதும் அப்படித்தான், மாட்டிக்கொண்டதும் தலைமையின்மேல் சேறு வாரி இறைப்பான், எத்தனை பார்த்திருக்கிறார். இனி இவள் வாயிலிருந்து எதையும் கேட்க வேண்டியதில்லை என்று அவர்தான் சொன்னார். அவள் வாயைத் திறக்க வந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். வீட்டில் கேட்க என்ன இருக்கிறது. வீட்டில் இருப்பது பிலோமியும் இஞ்ஞாசியும். பெண்டாட்டி ஏதோ மறைக்கிறாள் என்பது அவருக்கும் தெரியும்தான். கொஞ்ச நாளாக அவர் உள்ளே வந்ததும் அவளும் மகனும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அடுப்படி அலமாரியில் புதிதாக ஒரு பாட்டில், காடி, ஊறுகாய்க்கு என்றாள். ஊறுகாய்க்கு அவள் என்றைக்குக் காடி ஊற்றினாள். அவர் அன்றே சந்தேகப்பட்டார், பையனை வளைகுடாவுக்கு அனுப்ப ரகசியமாக ஏற்பாடு நடக்கிறது என்று. இஞ்ஞாசி இந்த வெக்கையில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு திரிவதும் அதற்குத்தான், பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்கப் பழகுகிறான். சோற்றை ஸ்பூனால் சாப்பிடுவதும் அதற்குத்தான், அங்கே போய்ச் சாப்பிடப் பழகுகிறான். எல்லாம் பொருந்தியது. பொருந்தினது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. கயத்தான் மகன் என்றால் எந்தக் கம்பெனி வாசலிலும் உள்ளே விடமாட்டார்கள், பெயரைக் கேட்டதும் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பெயர் கேட்காத வேலையாக இருந்தால்தான் உண்டு என்று போன வருஷம் பையன் ஒருநாள் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பெயர் கேட்காத வேலை. ராத்திரியில் வாய்க்காலில் இறங்குகிறவனிடம் பெயர் கேட்பார்களா? கயத்தான் அந்தக் கேள்வியை வேறு பக்கம் திருப்பினார். சுவரில் ஒட்டிக் கிடக்கிறவர்களை யாரும் கவனிப்பதில்லை. நல்ல வரி. சுவரில் ஒட்டிக் கிடக்கிறவர்களை. வீட்டுச் சுவரில்.

மில் நிறுத்தத்தில் ஷிப்டு முடிந்த கூட்டம் மொத்தமாக ஏறியது. நடைபாதை நிரம்பிவிட்டது. நடத்துனர் முன்பக்கமே மாட்டிக்கொண்டு, அங்கிருந்தபடியே டிக்கெட் கிழித்து, கை மாற்றிக் கை மாற்றிப் பின்னால் அனுப்பிக்கொண்டிருந்தார். நீண்ட கைகளுக்கு நடுவில் ஒரு டிக்கெட் கயத்தானின் முகத்துக்கு நேரே வந்தது. "பெரியவரே, இத அந்தக் கூடைக்காரம்மாகிட்ட குடுத்துரும்." யோசிப்பதற்குள் கை வாங்கிவிட்டது. எத்தனை ஆயிரம் தடவை செய்த காரியம், கை தானாகவே வாங்கியது. வாங்கின பிறகுதான் மனசு வந்து சேர்ந்தது. கையிலிருந்து கைக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. கண்ணாடியில் பார்த்தால் இலந்தைத்துறைப் பெண்கள் இரண்டு பேரும், நிற்கிறவர்களின் இடுப்புக்கு இடையே கழுத்தை நீட்டி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது யாருடைய வேலை. நடத்துனரைச் சந்தேகித்தார். மில் ஆட்களைச் சந்தேகித்தார். ஒரு துண்டுக் காகிதம், அவர் விரலுக்கு நடுவில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. நடத்துனர் மறுபடி, "குடும்யா, என்ன கல்லு மாரி இருக்கீரு," என்றார். யாரோ சிரித்தார்கள்.

முகம் திருப்பாமல் கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினார். கண் கண்ணாடியிலேயே இருந்தது. அந்த நீளக் கண்ணாடியின் ஒரு ஓரத்தில், சலேத்து டிக்கெட்டை வாங்க உடம்பைத் திருப்பினாள், கூடையைப் பிடித்திருந்த கை போதாமல் வலது கையை வெளியே எடுத்தாள், போர்த்தியிருந்த தலைப்பு வழுக்கித் தோளுக்குப் போனது. முழங்கை, அதற்கு மேல் அம்மைப்பால் வைத்த வடு, கீழே மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு. மீன் செதில் கீறின பழைய கோடுகள். ஒரு இடத்தில் எண்ணெய் தெறித்த பொட்டு. அவ்வளவுதான். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, இடது கையையும் கூடையிலிருந்து எடுத்துத் தலைப்பைச் சரிசெய்தாள், அந்தக் கையும் வெறும் கை. வாய்க்காலில் இறங்கிச் சொறி வாரினவளின் கையில் ஒரு வரிகூட இல்லாமல் இருக்குமா. வெயிலுக்காகப் போர்த்துகிறாள். எல்லா மீன்காரியும் வெயிலுக்காகத்தான் போர்த்துகிறாள், அவர் அம்மாவும் அப்படித்தான் போர்த்துவாள். கயத்தான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்க முயன்றார். கண்ணாடியில் இப்போது சலேத்து இல்லை, அவர் முகம்தான் இருந்தது, நரைத்த மீசை, இறுகின தாடை, அதற்குப் பின்னால் எங்கோ பொத்தான் போட்ட ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை, சோற்றில் விழுந்து எழுகிற ஸ்பூன், அடுப்படியில் அந்தப் புளிப்பு வாசனை. பாஸ்போர்ட் இல்லை. வளைகுடா இல்லை. ஸ்பூனைப் பிடித்திருந்தது இடது கை. இத்தனை நாள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். எந்தப் பையனாவது ஸ்பூனை இடது கையில் பிடித்துப் பழகுவானா.

நம்ப வேண்டியதில்லை. இதையும் அவர்கள்தான் ஏற்பாடு பண்ணியிருக்கலாம். அவர் அதைச் சொல்லிப் பார்த்தார், சொல் வாய்க்குள்ளேயே கரைந்தது. சாயங்காலம் படியில் ஏறி நின்று சலேத்தை அனுப்பிவிடலாம் என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அவளும் பேச மாட்டாள். கூடையும் பெட்டியுமாக இதே பேருந்தில் ஏறிப் போய்விடுவாள். இஞ்ஞாசியின் கை அதற்குள் ஆறிவிடும், அரைக்கைச் சட்டை போட ஆரம்பித்துவிடுவான், பிலோமி அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுவாள். போராட்டம் நிற்கும். தலைமை நிற்கும். இவ்வளவும் ஒரு கணத்தில் ஓடியது, அவருக்கே அருவருப்பாக இருந்த அளவுக்குத் தெளிவாக ஓடியது. பிறகு அவர் செய்ததை அவர் தீர்மானித்துச் செய்தாரா என்று பின்னாளில் அவருக்கே தெரியாது. கழுத்தைத் திருப்பினார். உடம்பையும் திருப்பினார். கண்ணாடி இல்லாமல், நேராக, சலேத்தம்மாளின் முகத்தைப் பார்த்தார்.

சாதாரண முகம்தான். மேலுதட்டில் வியர்வை. மூக்குத்தியின் கல் ஒன்று விழுந்துபோயிருந்தது. அவள் இமைக்காமல் பார்த்தாள். கடற்கரையில் எதிரே வருகிற ஆளிடம் வீட்டில் சுகமா என்று கேட்பதுபோல, கோபமும் இல்லாமல் தணிவும் இல்லாமல் அவள் கேட்டாள்.

"இஞ்ஞாசிக்குக் கை ஆறிட்டாண்ணே? வாய்க்காக் கரையில கெடந்தப்போ முழங்கை வரைக்கும் சுத்தியிருந்துச்சி. ஜீப்புல ஏத்தும்போதுகூட ஒரே அழுக, அப்பாட்ட சொல்லிராதிங்க அத்தேன்னு."

பேருந்து உப்பளத்து முக்கில் திரும்பியது. அந்தத் திருப்பத்தில் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தார்கள். தூரத்தில் புகைபோக்கி தெரிந்தது, புகைந்துகொண்டிருந்தது. இதற்குப் பதில் சொல்லக் கூடாது. பேச்சு கொடுக்கக் கூடாது. இதை எழுதினவன் அவர். என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லலாம், கூட்டத்தைப் பிளக்கப் பார்க்கிறாய் என்று சொல்லலாம், அந்த வரிகள் வரிசையில் தயாராக நின்றன. அவர் தொண்டையைச் செருமினார். மைக் இல்லாத காலத்தில் சந்தைக் கூட்டங்களில் பேசிப் பழகின குரல் அது, கடைசி வரிசைவரை போகும், இப்போதும் போனது.

"இன்னும் ஆறல, சலேத்து. சாயங்காலம் கூட்டத்துக்கு அவன நானே கூட்டியாரேன். எல்லார் முன்னாடியும் சட்டையக் கழத்தச் சொல்லுதேன்."

மில் ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கொய்யாப்பழம் கடித்தவர் கடிப்பதை நிறுத்தினார். சலேத்து தலைப்பை இழுத்துக் கைகளைப் போர்த்திக்கொண்டு, கூடையை மடியோடு அணைத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கயத்தான் அவள் திருப்பின முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம் விடவில்லை, உள்ளே ஒரு சந்தேகம் எழும்பியது: இத்தனையும் தெரிந்தவள் இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாள், இதில் என்ன உள்நோக்கம்? அதை அவர் வழக்கம்போல எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கமும் கம்பெனி தெரியவில்லை. குருசடிப் படியும், அதில் நின்றுகொண்டு, இனி இவள் வாயிலிருந்து எதையும் கேட்க வேண்டியதில்லை என்று கையை உயர்த்துகிற ஒரு ஆளும்தான் தெரிந்தது.